தொப்புள்கொடி கட்டிய ஒட்டகம்

"என் ஒட்டகத்தைக் கொடுங்க பெரியப்பா."

வேலமர நிழலில் அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. ஆண்கள் கூடிப் பேசும் இடம் அது. பெண் அங்கே தேநீர் கொடுக்க வரலாம். வாய் திறக்கக் கூடாது.

அதிலும் இதைக் கேட்கவே கூடாது என்று சொல்லிச் சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள். "அதை மட்டும் கேட்டுடாத இஃப்ரா. அப்புறம் ஒரு சொட்டுப் பால் தர மாட்டாங்க."

பெரியப்பா மந்தையிலிருந்து ஒதுக்கிக் கொடுக்கும் பால்தான் எங்கள் பிழைப்பு. அதைத் தினமும் காலையில் பால் லாரியில் ஏற்றி விற்றுத்தான் அம்மா என்னை ஜிஜிகா நகரத்தில் சட்டம் படிக்க வைத்தாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் பக்கம் போன முதல் ஆள் நான்.

கேட்டுவிட்டேன்.

ஒரு பாயில் பெரியப்பா ஷிர்வாவும் எங்கள் கிழவர்களும். எதிர்ப் பாயில் எங்களோடு பகையாகிப்போன வம்சத்துக்காரர்கள். அவர்கள் வண்டி முள்வேலி ஓரமாக நின்றது. பகல் தொழுகை முடிந்ததும் அதில் என் தங்கை ஹிபாக்கை ஏற்றி அனுப்பப் போகிறார்கள்.

பெரியப்பா மகன் கூலேத் தண்ணீர்த் தொட்டிச் சண்டையில் அவர்களில் ஒருவனைக் கொன்றுவிட்டான். உயிருக்கு ஈடாக ஒட்டகங்கள் போய்விட்டன. பகை தீர ஒரு பெண்ணும் அவர்களில் ஒருவனுக்கு மனைவியாகப் போக வேண்டுமாம். கூலேத்துக்குக் கூடப் பிறந்தவள் இருக்கிறாள். ஆனால் கேட்க அப்பன் இல்லாதவள் ஹிபாக்தானே.

கொன்றவன் அங்கேயே சாய்ந்து உட்கார்ந்து பல்குச்சி மென்றுகொண்டிருந்தான்.

இப்படிப் பெண்ணைக் கொடுத்தால் ஜெயில் என்று சட்டத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். "பெரியவங்க பேசி முடிச்சத நாம கலைக்கக் கூடாதும்மா" என்றார் அதிகாரி. மறுநாள் பெரியப்பா வீட்டில் ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அதனால் இன்று நான் சட்டம் பேசவில்லை. ஒட்டகம் பேசினேன்.

ஆண் பிள்ளை பிறந்தால் அவன் தொப்புள்கொடியை ஒரு பெண் கன்றின் வாலில் கட்டுவார்கள். அந்தக் கன்றும் அது போடும் கன்றுகளும் அவனுக்கே. நான் பிறந்தபோது மருத்துவச்சி இருட்டில் தடவிப் பார்த்து ஆண் என்று கத்திவிட்டாள். அப்பா ஹரேத் என்ற கன்றின் வாலில் கட்டிவிட்டார். விடிந்ததும் ஊரே சிரித்தது. கட்டியதை அவிழ்க்க மாட்டேன் என்றார் அப்பா. அவர் இறந்த பிறகு ஹரேதும் அதன் வம்சமும் பெரியப்பா மந்தைக்குள் போயின.

"பொட்டப் புள்ளைக்கு ஏதுடி ஒட்டகம்? படிச்ச திமிரா?" என்றார் பெரியப்பா.

எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்க ஈடாக் கொடுத்ததுல ஹரேதோட பேத்திங்க இருக்கு. உடைமைக்காரி என்னைக் கேட்டா கொடுத்தீங்க?"

சிரிப்பு நின்றது.

"என்ன ஷிர்வா, அடுத்தவ ஒட்டகத்தையா எங்க தலையில கட்டின?" என்று எழுந்தார் எதிர்ப் பாய்க்காரர்.

அவ்வளவுதான். தவறிக் கட்டியது கட்டு ஆகாது என்றார் ஒருவர். கட்டினால் கட்டினதுதான் என்றார் இன்னொருவர். ஹரேதின் மூத்த மகளுக்குக் காது கிழிந்திருக்கும் என்றார் ஒரு கிழவர். கிழிந்தது இரண்டாவது, மூத்தது பாலைக் காலால் உதைத்துக் கொட்டும் என்று கைத்தடியைத் தரையில் அடித்தார் மற்றவர். எது எந்த வறட்சியில் செத்தது, எது எந்தக் கிணற்றடியில் ஈன்றது, எல்லாம் வந்தது.

பேச்சு தளர்ந்தபோது நான் கேட்டேன்: "அந்த ஒற்றைக்கண் ஒட்டகம் யார் வழி?"

மறுபடி பற்றிக்கொண்டது.

நிழல் நகர்ந்தது. பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு சண்டை போட்டார்கள். தொழுதுவிட்டு வந்தும் போட்டார்கள்.

என் தங்கை பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அம்மா கெட்டிலோடு வந்தாள். குனிந்த தலை நிமிராமல் ஊற்றினாள். எதிர்ப் பாய்க்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"இன்னைக்குப் பால் தாராளமா இருக்கே!"

"விசேஷ நாளாச்சே" என்றார் பெரியப்பா. கூலேத் இரண்டாவது குவளை வாங்கினான்.

"சரி, ஒட்டகத்தை அப்புறம் பாத்துக்கலாம். பொண்ணக் கூப்பிடுங்க. பேரென்ன?" என்றார் எதிர்ப் பாய்க்காரர்.

பெரியப்பா வாயைத் திறந்தார். மூடினார். செத்துப்போன ஒட்டகத்தின் கொள்ளுப்பேத்தி வரை பெயர் சொன்ன வாய்.

"சின்னவ. அவதான்... இவளோட தங்கச்சி."

நான் பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டினேன். வேலிக்கு வெளியே என் பை இருந்தது. தார்ச்சாலைக்கு நடந்தே போய்விடலாம்.

"எங்கடி போற? என்னமோ ஒட்டகம் வேணும்னு குதிச்ச?"

திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று விடியற்காலையில் அம்மா வழக்கம்போல, பால் கெடாமலிருக்கக் கேனுக்குப் புகை போட உட்காரவில்லை. "இன்னைக்குக் கேளு. சத்தமாக் கேளு. லாரி டவுன் போய்ச் சேர்ற வரைக்கும் விடாத" என்றாள்.

பால் முழுக்க வீட்டிலேயே நின்றுவிட்டது. லாரியில் எங்கள் கேன்கள் வைக்கும் மூலையில், பால்காரப் பெண்களுக்கு நடுவே, முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு ஹிபாக் உட்கார்ந்திருந்தாள்.

வேலியைத் தாண்டும்போது பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"