செம்பருத்தி வந்திருந்தாள்

"என்ன தம்பி, பொண்ணு பார்க்கப் போறியா?" என்று கேட்டார் ஒட்டுக்கடையில் டீ ஆற்றும் காளிதாசன். இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு பை ரம்புத்தான் பழமுமாக, விக்னேஸ்வரன் லூனாஸ் பஸ் நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இல்லண்ணே, தங்கச்சி வருது" என்றான். அந்தத் தங்கச்சியின் முகத்தை அவன் இதுவரை பார்த்ததே இல்லை.

பீடோங் பக்கத்து எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவன் அவன். எண்ணெய் மில் வாசலில் லாரிகள் வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் போனில் 'வேங்கைக் கோட்டை' விளையாடுவான். இலவச கேம் என்றுதான் தொடங்கினான். அதில் ஒரே படையில் சேர்ந்து பழக்கமானவள்தான் செம்பருத்தி.

அவள் ஃபேக்டரியில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். பல வருடமாக எழுத்திலேயே பேச்சு. முந்தின நாள் பேசினதையே சில சமயம் மறந்துவிடுவாள். வேலை அசதி போலிருக்கிறது என்று அவனும் விட்டுவிடுவான்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருத்தி தயங்கித் தயங்கி மேசைக்கு வந்தாள். "விக்னேஸ் அண்ணனா? நான்தான் செம்பருத்தி. நெஜப் பேரு பிரேமாவதி."

"உக்காரும்மா. வரமாட்டேன்னு நெனச்சேன்" என்றான். காளிதாசனிடம் இரண்டு கிளாஸ் தே தாரேக் சொன்னான். அவள் தோள்பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"நான் கேம விட்டுடப் போறேன்மா. உன்னையும் விடச் சொல்லணும்னுதான் நேர்ல பார்க்கக் கேட்டேன்."

அவனுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது.

"அந்த வெள்ளி வாள் நான் ஒரு காசு கட்டாம, தெனம் வெளையாடி ஜெயிச்சது. ஒரே அப்டேட்ல அத மரக்கத்தி மாதிரி ஆக்கிட்டானுங்க. நேத்து சேர்ந்தவன் காசு கட்டி தங்க வாள் வாங்கி, ஒரே வெட்டுல என்னைச் சாய்க்கிறான். சரின்னு நானும் தங்க வாள் வாங்கினேன். அடுத்த மாசமே வைர வாள் விட்டானுங்க லா."

"கம்ப்ளெயின்ட் பண்ணீங்களாண்ணே?"

"எத்தனை வாட்டி எழுதுறது? 'உங்கள் ஆதரவுக்கு நன்றி'ன்னு அதே பதில்தான் திரும்பத் திரும்ப வருது. பழைய ஆளு, எங்க போயிடப் போறான்னு நெனப்பு."

தே தாரேக் வந்தது. அவள் கிளாஸைத் தொடவில்லை.

"என்னை விடு. உன்னை நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது. எந்த ஆயுதம் வந்தாலும் அன்னைக்கே உன் கையில இருக்கு. ஃபேக்டரி சம்பளத்துல எப்படிம்மா கட்டுப்படியாகும்? நீ வாங்கறதப் பார்த்துத்தான் நம்ம படையில மத்தவங்களும் வாங்கறாங்க. நானும் அப்படித்தான் வாங்கினேன்."

அவள் தலை இன்னும் தாழ்ந்தது. திட்டிவிட்டோமோ என்று அவன் குரலைத் தணித்துக்கொண்டான்.

"கோவிச்சுக்காத. போன எடு. ரெண்டு பேரும் ஒண்ணா அழிச்சிடலாம்."

"என் போன்ல அது இல்லண்ணே."

தனக்கு முன்பே அழித்துவிட்டாள் என்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. தன் போனை எடுத்து கேமின் படத்தை அழுத்திப் பிடித்தான். நீக்கட்டுமா என்று கேட்டது. விரல் அதற்கு மேல் போகவில்லை.

"அழிச்சிடுங்கண்ணே. அதச் சொல்லத்தான் நானும் வந்தேன்" என்றாள் அவள்.

"கோட்டை, வாளு எல்லாம் போனா போகட்டும். நாம பேசினதெல்லாம் இதுலதானே இருக்கு. அதான் மனசு வரல."

"அதுல ஒண்ணும் இல்லண்ணே. அழிச்சிடுங்க."

"அப்படிச் சொல்லாதம்மா. எங்கம்மா கருமாதி அன்னைக்கு, சொந்தக்காரங்க எல்லாம் கெளம்பிப் போயிட்டாங்க. வீட்டுல நான் மட்டும். பச்சத் தண்ணி எறங்கல. நீதான் சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களான்னு விடாம கேட்டுக்கிட்டே இருந்த. உங்கம்மா போன கதையச் சொன்ன. நான் ஒரு வாய் சாப்பிட்டேன்னு எழுதினப்புறம்தான் போன. கூடப் பொறந்தவ இருந்தாகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டா."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரம்புத்தான் பையை அவள் பக்கம் தள்ளினான். "அதனாலதான் உன்னைத் தங்கச்சின்னு சொல்றேன்."

பிரேமாவதி பையைத் தொடவில்லை.

"அண்ணே, எங்கம்மா உயிரோடதான் இருக்காங்க. அது நான் இல்ல."

"பின்ன யாரு?"

"தெரியலண்ணே. செம்பருத்தி, இந்த கேம நடத்தற எங்க கம்பெனியோட ஐடி; ஷிப்டுக்கு ஒருத்தர் அதுல எழுதுவோம். அன்னைக்கு எனக்கு ஷிப்ட் இல்ல."