கதவுத் தெரு

"இன்னைக்கு எந்தப் பக்கம் போயாச்சு?"

ஒன்பதாம் நம்பர் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தவர் கேட்டார். கழுத்தைத் திருப்ப முடியாததால் கேள்வி கூரையைப் பார்த்துத்தான் போனது. அவள் முக்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண்ணில் தன் முகம் படும்படி உட்கார்ந்தாள்.

"முப்பத்தொண்ணு ஏறினேன். கடைசி நிறுத்தம் வரைக்கும் போனேன்."

"அங்க என்ன இருக்கு?"

"கதவு."

"கதவா?"

"தெரு முழுக்கக் கதவுதான். எந்தப் பழைய வீட்டை இடிச்சாலும் கதவு, ஜன்னல் எல்லாம் அங்கதான் வந்து சேருமாம். சுவரே இல்லாம வரிசையா நிக்குது. ஒரு கதவுல பூட்டு தொங்குது. வீடில்லாத கதவுக்குப் பூட்டு எதுக்குன்னு கேட்டேன். 'யாராவது உள்ளே போயிட்டா?'ங்கிறார் கடைக்காரர்."

அவர் உதடு லேசாக விரிந்தது. "என்ன நிறம்?"

"பச்சைதான் அதிகம். ஒண்ணு மேல ஒண்ணா அஞ்சாறு பூச்சு. உரிஞ்ச இடத்துல அடியில நீலம் தெரியுது."

"அடிப்பூச்சு சரியில்லை. அதான் உரியுது."

முப்பது வருடம் இந்த நகரத்தின் மாடிகளுக்கு வண்ணம் அடித்தவர். சாரம் சரிந்து நாலாவது மாடியிலிருந்து விழுந்ததில் முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். ஆனால் பிழைத்தவர் பேச்சை விட்டுவிட்டார். ஆபரேஷன் செய்தால் எழுந்து உட்காரலாம் என்று டாக்டர் சொன்னபோதுகூட, வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த வார்டில் கூட இருப்பவர்களைக் காலை ஏழு மணிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். மறுபடி உள்ளே விடுவது நாலு மணிக்குத்தான். அதுவரை மரத்தடியில் உட்கார்ந்தால், ஆளுக்கொரு அழுகையைக் கேட்டு மனசு இன்னும் கனத்துப்போகும். ஒருநாள் துணி சோப்பு வாங்கப் போனவள், பஸ் மாறி ஏறி எங்கோ போய்விட்டாள். இறங்கிய இடத்தில், ரயில் போர்வைகளை மலைபோல் குவித்து நூறு பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். வெறும் சோப்புத்துண்டு கேட்டவளுக்கு, கை நிறைய அள்ளிக் கொடுத்தார்களாம். அதை மாலையில் வந்து சொன்னபோது, ஒரு மாதமாக வாய் திறக்காத மனிதர் "அப்புறம்?" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மறுநாளும் பஸ் ஏறினாள். ஒருநாள் சீட்டு எடுத்தால் எத்தனை பஸ்ஸில் வேண்டுமானாலும் போகலாம். பையில் இரண்டு பன், ஒரு பாட்டில் தண்ணீர். போதாதா?

இடையில் ஒரு வாரம் ஊருக்குப் போய்வர வேண்டியிருந்தது. அந்த ஏழு நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று திரும்பி வந்ததும் ஆயா சொன்னாள்.

பக்கத்தில் மருந்து வைத்துக்கொண்டிருந்த நர்ஸ், அன்றுதான் அந்த வார்டுக்கு மாற்றலாகி வந்தவள். பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே கேட்டாள். "இவ்வளவு சுத்தறீங்களே, அரண்மனை பார்த்தீங்களா? அருங்காட்சியகம்?"

"அங்க உள்ளே நுழையவே ரெண்டு நாள் சாப்பாட்டுக் காசு கேட்பாங்களே கண்ணு. அதோட, அரண்மனையைக் காலண்டர்லயே பார்த்துக்கலாம். இவருக்குக் காலண்டர்ல இல்லாததுதான் வேணும்."

"கயித்துல தொங்கி பெயிண்ட் அடிக்கறவனுக்குச் சுவரு மட்டும்தானேம்மா தெரியும்" என்றார் அவர் நர்ஸிடம். "தெருவை இப்பதான் பார்க்கறேன்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். முக்காலியில் இருந்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மதியம் கதவுத் தெருவில் நின்றபோது மகன் போனில் கூப்பிட்டிருந்தான்.

"போதும்மா. வெயில்ல இப்படி அலைஞ்சா நீயும் படுத்துக்குவே. அங்க பார்த்துக்க ஆஸ்பத்திரி ஆளுங்க இருக்காங்க. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்."

சரி என்று சொல்லிவிட்டாள். இவரிடம் எப்படிச் சொல்வது என்பதைத்தான் வரும் வழியெல்லாம் யோசித்தாள். முப்பத்தொண்ணாம் நம்பர் பஸ்ஸில் அத்தனை நிறுத்தங்கள் இருந்தும் ஒரு வார்த்தை அகப்படவில்லை.

"ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார் அவர். "காலையில டாக்டர் வந்தாரு. ஆபரேஷனுக்குச் சரின்னுட்டேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உட்கார முடிஞ்சா போதும். பஸ்ல ஜன்னலோரமா உட்கார்ந்து அந்தக் கதவுங்களைப் பார்த்துட்டு வரணும்." மூச்சு வாங்கியது. "அந்த ஒண்ணு என்ன?"

"ஒண்ணுமில்ல. நாளைக்குப் பன்னிரண்டாம் நம்பர் ஏறிப் பார்க்கலாம்னு இருக்கேன்."

நர்ஸ் ஒரு தாளும் பேனாவுமாகத் திரும்பி வந்தாள். "ஆபரேஷனுக்கு ஒப்புதல் கையெழுத்து வேணும்மா. ரெண்டு மாசமா நீங்கதான் வந்துட்டிருக்கீங்கன்னு ஆயா சொல்லுச்சு. சம்சாரம்தானே நீங்க?"

அவள் தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தாள். பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். அங்கே கால் ஒடிந்த யாரோ ஓர் இளைஞன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"என் வீட்டுக்காரர் அந்தப் பத்தாம் நம்பர் கட்டில்ல இருந்தாரு கண்ணு, போன மாசம் தவறிட்டாரு" என்றாள். "இவர் பேரே எனக்கு இப்ப இந்தத் தாளைப் பார்த்துதான் தெரியும். கையெழுத்து எங்க போடணும், காட்டு."