கரண்டியம்மாவின் தட்டு

“மூடியைத் திறங்க டீச்சர், புள்ளைங்க தட்டைத் தட்ட ஆரம்பிச்சிட்டாங்க…”

“தட்டட்டும்க்கா. நான் முதல்ல சாப்பிட்டு, அரை மணி நேரம் ஆகட்டும்.”

“அதுக்குள்ள கோழி ஆறி அவலாப் போயிடும். என்ன, விஷமா வச்சிருக்கேன்?”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“வாயால சொல்லலை. ஒன்பது வருஷமா கரண்டியால சொல்றீங்க.”

டீச்சர் அண்டாவின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டார்.

கரண்டியம்மா என்பது முகாமுக்கு வரும் சிறுமிகள் வைத்த பெயர். தேவாலயம் நடத்தும் கோடை முகாமில் இருபது வருடம் கூலி வாங்காமல் அடுப்படியில் வெந்தவள். இப்போது வெங்காயம் உரிக்கிறாள். கரண்டி டீச்சரிடம் போய்விட்டது. பெயர் மட்டும் இவளிடம் தங்கிவிட்டது.

டீச்சர் பள்ளியில் கணக்கு எடுப்பவர். சமையல் சுமாராக வரும். சட்டம் நன்றாக வரும். எது வெந்தாலும் முதல் கரண்டி அவர் வாய்க்கு. பிறகு சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே அரை மணி நேரம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் நாற்பது சிறுமிகளுக்கும் பந்தி.

யாரும் குறை சொன்னதில்லை. சொல்ல முடியாது.

ஒன்பது வருடத்துக்கு முன் இதே கூடத்தில், மதியம் கோழிக் குழம்பு சாப்பிட்ட சிறுமிகள் வரிசையாக வாந்தி எடுத்தார்கள். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள், ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தி டீச்சரின் மகள்.

விசாரிக்க வந்தவர்களிடம் கரண்டியம்மா அழுதுகொண்டே சொன்னாள். “நானும்தானேய்யா அதே குழம்பைச் சாப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே.”

அப்படியானால் தண்ணீர்தான் என்று பேச்சு திரும்பியது. கிணற்றைக் கல் போட்டு மூடினார்கள். இப்போது சிறுமிகள் அந்தக் கல்மேல் உட்கார்ந்துதான் பாட்டுப் பழகுகிறார்கள்.

அடுத்த கோடையில் டீச்சர் தானாக வந்து நின்றார். இனி சமையல் என் பொறுப்பு, அக்கா என்கூட இருக்கட்டும் என்றார். போதகர் இருவரையும் பீடத்துக்கு முன் நிறுத்தி, மன்னிப்பு என்றால் இதுதான் என்றார். பாதிச் சபை கண்ணைத் துடைத்தது. கரண்டியம்மாதான் அதிகம் அழுதாள்.

அன்றிலிருந்து முகாமில் கோழி கிடையாது. இன்றுதான், யாரோ நேர்ந்துகொண்டு கொடுத்தார்கள் என்று, மறுபடி.

“இந்த வருஷத்தோட என் முட்டி விடை கொடுத்திருச்சு டீச்சர். அடுத்த கோடைக்கு வர மாட்டேன். இன்னைக்கு ஒரே ஒரு நாள் முதல் கரண்டியை எனக்குக் கொடுங்க. இவளை நம்பலாம்னு நீங்க நினைச்சீங்கன்னு அந்த நெனப்போட நான் வீட்டுக்குப் போறேன்.”

டீச்சர் அவளையே பார்த்தார். பிறகு மேல் அலமாரியில் கைவிட்டுத் துழாவி ஒரு தட்டை எடுத்தார்.

அடியில் நகப்பூச்சால் ‘கரண்டியம்மா’ என்று எழுதிய தட்டு. அப்போதெல்லாம் ஆளுக்கு ஒரு தட்டு, பெயர் எழுதி. அடுத்தவர் தட்டில் சாப்பிட்டால் கையில் அடி விழும். அந்தச் சட்டம் போட்டவளே கரண்டியம்மாதான். ஒன்பது வருடமாக அவள் இந்தத் தட்டைக் கண்ணால் பார்க்கவில்லை. தொலைந்துவிட்டது என்றிருந்தாள்.

தூசு இல்லாமல் பளபளவென்று இருந்தது.

டீச்சர் ஒரு கரண்டி அல்ல, மூன்று கரண்டி ஊற்றினார். எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“சாப்பிடுங்க.”

கரண்டியம்மாவுக்குக் கண் நிறைந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு துண்டைப் பிட்டு வாயருகே கொண்டுபோனவள், வழக்கம்போல் ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். அது அந்த மூக்கின் பழக்கம். கறி கெட்டிருந்தால் முகர்ந்ததும் தெரிந்துவிடும் அவளுக்கு.

நல்ல கறிதான். காலையில் கண் முன்னால் வெட்டியது.

ஆனாலும் கை அங்கேயே நின்றது.

வெளியே தட்டுச் சத்தம் ஓய்ந்திருந்தது. கிணற்றுக் கல்மேல் ஒருத்தி பாட்டைத் தொடங்கினாள். டீச்சர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, தரையில் சிதறியிருந்த வெங்காயத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டார். குரலில் கோபமே இல்லை.

“அன்னைக்குப் பாப்பாவை வண்டியில படுக்க வச்சிட்டு, அவ பையை எடுக்க இங்கே ஓடி வந்தேன்க்கா. இந்தத் தட்டுல காலையில நீங்க உரிச்ச வெங்காயத் தோல் அப்படியே கிடந்துச்சு. நீங்க எதுலக்கா சாப்பிட்டீங்க?”