கொம்பையாவின் வெளிமான்

சகல ஜீவராசிகளுக்கும் வாழ்வளிக்கும் பேராணையம் பெருமகிழ்வோடு அறிவித்தது: கரிசல் நிலத்தைப் புல்வெளியாக்கியவர்கள் இன்று மாலைக்குள் ஒரு வெளிமானையாவது காட்ட வேண்டும், தவறினால் நிலம் பறிமுதல்.

மான் வருமென்று ஆணையம் சொன்னதை நம்பி மூன்று வருடமாகப் பருத்தி போடாமல் புல் வளர்த்த கொம்பையாவின் காட்டை ஓர் ஓணான்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஆண் வெளிமானுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை என்பதால் அவர் தன் வெள்ளாட்டின் முதுகில் ஷூ பாலிஷும் வயிற்றில் சுண்ணாம்பும் பூசினார்.

"ஆட்டுக்கு என்ன கல்யாணமா? கிறுக்குப் பிடிச்சிருச்சா உமக்கு?" என்றாள் மனைவி சீனித்தாய்.

"சும்மா கெட. மேல பறக்குறதுக்கு ஆட்டைத் தெரியுமா, மானைத் தெரியுமா?"

ஆணையத்தின் ட்ரோன் வட்டமடித்து, 'ஆண் வெளிமான், ஒன்று' என்று சான்றிதழ் அனுப்பியது. நிலம் தப்பியது.

மறுநாள் காலை, காப்பிக்காக வழக்கம்போல் சொம்போடு போய் ஆட்டின் அருகே குந்தினார். ட்ரோன் பார்த்துக்கொண்டிருந்தது.

பாதுகாக்கப்பட்ட ஆண் வெளிமானிடம் அனுமதியின்றிப் பால் கறந்த குற்றத்துக்காகக் கொம்பையா கைது செய்யப்பட்டார்.