கட்டிங்குக்கு ஆள்

பார்களை மூடிவிட்டு அங்கே ஆளுக்கொரு பேசும் இயந்திரக் கூண்டு வைத்தார்கள். ஊற்றிக் கொடுப்பதும் ஆறுதல் சொல்வதும் கூண்டேதான்.

முன்பெல்லாம் ஞானதிரவியம் கட்டிங்குக்கு ஆள் தேடுவான். குவாட்டரில் பாதியைப் பங்குபோட வரும் முன்பின் தெரியாதவர் அவனுடைய வீட்டுச் சண்டையைக் கேட்டுவிட்டு, "ஓய், தப்பு உம்ம மேலதான். போயி அவ கால்ல விழும்" என்று ஏசி அனுப்புவார். அவனும் போய் விழுவான்.

இன்று அவன் மனைவி ஜெபக்கனி பையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றாள். அவன் கூண்டுக்குள் இருந்தான்.

"கை ஓங்கிட்டேன். தப்புதான?"

"உங்க மேல தப்பே இல்லண்ணே."

"ஒரு தடவையாவது ஏசித் தொலையேன்ல."

"உங்க கோபம் நியாயமானதுண்ணே."

இரண்டாவது டம்ளரில் அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மூன்றாவதை ஊற்றச் சொன்னபோது பஸ் கிளம்பியிருந்தது.