பழகிவிடும், புரொஃபசர்

டெக்ஸ்டர் லூமிஸ் கை கழுவும்போதெல்லாம் இங்கிலாந்தைத் திட்டுவார். ஒரு தொட்டிக்கு இரண்டு குழாய். ஒன்றில் தோலை உரிக்கும் வெந்நீர், மற்றதில் விரலை விறைக்க வைக்கும் பச்சைத் தண்ணீர். இரண்டையும் ஒரே குழாயில் விடலாம் என்று இந்த ஜனங்களுக்கு இன்றுவரை தோன்றவில்லை. இவர்களா உலகத்தை ஆண்டார்கள்?

அன்று காலை பதினொரு மணிக்கும் ஹால்டன்பரி பல்கலைக்கழக நூலகத்தில் திட்டிக்கொண்டேதான் கை கழுவினார். கை சுத்தமாக இருக்க வேண்டிய நாள் அது.

அமெரிக்காவின் ஓஹையோவிலிருந்து ஒன்பது மாத வேலையாக வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. அடுத்த மாதம் முடிகிறது. பெரிதாக எதையாவது கண்டுபிடித்துக்கொண்டு வந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகவும், வெறுங்கையோடு வருவதானால் வரவே வேண்டாமென்றும் ஊரில் துறைத் தலைவர் சொல்லி அனுப்பியிருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? எட்டு மாதமாகத் தேடியும் மழையைத் தவிர அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

பழஞ்சுவடி அறைக்குப் பொறுப்பு மிஸஸ் கிரிம்ஷா. அறுபது வயது, முழங்கையில் நூல் பிரிந்த கம்பளிச் சட்டை, அதில் எப்போதும் நாலு பிஸ்கட் துகள். முதல் நாளே லூமிஸுக்கு ஆறுதல் சொன்ன அம்மாள்.

“ஆரம்பத்துல கஷ்டமாத்தான் இருக்கும், புரொஃபசர். போகப்போக எங்க ஊர் உங்களுக்குப் பழகிடும்.”

பழகிக்கொள்ளும் உத்தேசமே லூமிஸுக்கு இல்லை. இவர்கள் காலை நாம் மிதித்தால் இவர்களே மன்னிப்புக் கேட்கிறார்கள். ‘ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க’ என்கிறார்கள். எந்த நாள் என்று டைரியைப் பிரித்தால் பேயைப் பார்த்ததுபோல் விழிக்கிறார்கள். எதைப் பார்த்தாலும் ‘சுவாரசியமா இருக்கு’. அதற்கு மேல் வியக்கத் தெரியாத ஜன்மங்கள்.

இவர்களுடைய காவலும் அந்த லட்சணம்தான். வெளியே போகிறவர்களின் குடையைக்கூட மிஸஸ் கிரிம்ஷா விரித்துப் பார்ப்பார். உள்ளே வரும் பையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. திருடன் எடுத்துக்கொண்டு போகிறவன் மட்டும்தான் என்று நினைப்பு.

லூமிஸ் எதையும் எடுத்துப்போக வரவில்லை. வைக்க வந்திருந்தார்.

சைலஸ் வெதர்பி, இருநூறு வருடத்துக்கு முந்தைய உள்ளூர்க் கவிஞர். காதலே அறியாமல் செத்துப்போனவர் என்று ஊரே பரிதாபப்படும். அவர் ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு எழுதிய காதல் கடிதம் லூமிஸின் கோட்டுப் பைக்குள் இருந்தது. நேற்று முன்தினம்தான் எழுதி முடித்தார்.

குறை சொல்ல முடியாத வேலை. சந்தையில் வாங்கிய பழைய புத்தகத்தின் வெற்றுத் தாள். அவரே காய்ச்சிய மை. வாத்து இறகுப் பேனா. சில வார்த்தைகளில் இங்கிலாந்துக்காரர்கள் தேவையில்லாமல் ஓர் எழுத்தைச் செருகுவார்களே, அதையும் மறக்காமல் ஒன்பது இடங்களில் செருகியிருந்தார். ஒரு குறும்புக்காகத் தன் பிறந்தநாளான மார்ச் பதினான்கையே கடிதத்தின் தலையில் எண்களில் தேதியாகப் போட்டுக்கொண்டார்.

யாரும் தொடாத ஒரு பிரசங்கத் தொகுப்பைக் கேட்டு வாங்கினார். இருபது நிமிடம் புரட்டினார். பிறகு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மிஸஸ் கிரிம்ஷாவை அழைத்தார்.

அந்த அம்மாள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மெல்லப் படித்தார். முதல் வரியிலேயே சற்று நேரம் நின்றார். முழுவதும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ரொம்ப சுவாரசியமா இருக்கு, புரொஃபசர்.”

“அவ்வளவுதானா, மேடம்?”

“ரொம்ப ரொம்ப சுவாரசியமா இருக்கு.” அவரை உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு போன் பேச வேண்டும் என்று உள்ளே போனார்.

பத்திரிகைக்குத்தான் என்று லூமிஸ் தலையை வாரிக்கொண்டார். திரும்பி வந்த அம்மாள் பால் ஊற்றிய டீயும் இரண்டு பிஸ்கட்டும் வைத்தார். அந்தப் பழுப்புத் தண்ணீரைக்கூட அன்று அவர் முகம் சுளிக்காமல் குடித்தார்.

கால் மணி நேரத்தில் நனைந்த கோட்டோடு ஒரு நெட்டையர் வந்தார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து லூமிஸின் பெயருக்கு எழுத்துக் கேட்டு எழுதிக்கொண்டார். கடிதம் எந்தப் பக்கத்தில் கிடைத்தது, வேறு யாராவது தொட்டார்களா என்று மரியாதையாக விசாரித்தார். லூமிஸ் கண்ணீரும் கம்பலையுமாகச் சொல்லி முடித்தார்.

“நீங்களே இன்னிக்கு இங்க கண்டெடுத்ததா ரெண்டு வரி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, சார்.”

சரித்திரத்தில் இடம்பெறப்போகும் கையெழுத்து. நன்றாகச் சுழித்தே போட்டார். நெட்டையர் அந்தத் தாளையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மிஸஸ் கிரிம்ஷாவிடம் தலையை அசைத்தார்.

“சார் எந்தப் பத்திரிகை?” என்றார் லூமிஸ்.

“போலீஸுங்க. இன்ஸ்பெக்டர் ஹோல்ராய்ட்” என்றார் அவர், தானே ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போல. “மன்னிக்கணும்.”

மிஸஸ் கிரிம்ஷா பிஸ்கட் தட்டை லூமிஸ் பக்கம் நகர்த்தினார்.

“எட்டு மாசமாகியும் எங்க ஊர் உங்களுக்குப் பழகலையே, புரொஃபசர். நாங்க தேதியை முதல்ல எழுதுவோம், மாசம் அப்புறம்தான். உங்க கவிஞர் பாவம், பதினாலாவது மாசம் மூணாம் தேதி காதலிச்சிருக்காரு.”