தொடாமல் இருக்கும் வேலை

"அழுதா மட்டும் எடுங்க. முக்கினாலும் மொனங்கினாலும் தொடப்பிடாது, கேட்டியளா?" என்று சொல்லிவிட்டு, பிரசவத்துக்குப் பிறகு முதல்முறையாக நிதானமாகத் தலைக்குக் குளிக்கப் போயிருக்கிறாள் சுபிதா. தொட்டில் பக்கத்தில் அவள் கணவன் சுயம்புராஜ் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துக்கு பஸ் ஓட்டுகிறவன். எந்தச் சத்தத்தையும் கோளாறு என்றே கேட்டுப் பழகிய காது. நேற்று மட்டும் உறங்கிய பிள்ளையை மூன்று தடவை தூக்கி எழுப்பிவிட்டான். முற்பகல் வெயில் தொட்டில் சேலையை மஞ்சளாக்குகிறது. உள்ளே இருபத்திரண்டு நாள் பிள்ளை, ஏற்றத்தில் முதல் கியரில் போகும் வண்டி மாதிரி முக்குகிறது. மூக்கில் மெல்லிய விசில். பிறகு மூச்சே கேட்கவில்லை. குளியலறையில் தண்ணீர் விழுவது மட்டும் கேட்கிறது. அவன் எண்ணுகிறான். நான்கில் அவன் கை ஒன்று தானாக வெளியே வருகிறது. ஐந்தில் குட்டி நெஞ்சு ஏறி, மூச்சு விறுவிறுவென்று ஓடுகிறது. இப்படித்தான் நின்று நின்று வரும், பயப்படாதே என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கை தொடைக்கு அடியில் திரும்பிப் போகிறது. பிள்ளை மறுபடி முக்குகிறது. முகம் சிவந்து, முஷ்டிகள் தலைக்கு மேல் போய், கால்கள் மடங்கி, அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய சத்தத்தில் ஒரு குசு. முகம் தெளிகிறது. உறக்கம் கலையவில்லை. சுயம்புராஜுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வெடிக்கிறது. பிள்ளை திடுக்கிட்டு வீறிடுகிறது. குளியலறைக் கதவு திறந்து, சீயக்காய் வழிய ஒரு தலை நீள்கிறது. "தொட்டியளா?" "சத்தியமாத் தொடல்லட்டி. சிரிச்சுப்போட்டேன்."